கிளப் வேலையை இன்டர்வியூவில் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் பகுதி வாலிபால் கிளப்பில் நான்கு வருடமாகச் சம்பளமில்லாத செயலாளர் நான். ஆபீஸில் மேனேஜர் பதவிக்கு இன்டர்வியூ வருகிறது. ஆட்களை நடத்திய அனுபவம் உண்டா என்று கேட்பார்கள், ஆனால் வேலையில் எனக்குக் கீழே யாரும் இருந்ததில்லை. கிளப்பைப் பற்றிச் சொன்னால் 'விளையாட்டுதானே' என்று தள்ளிவிடுவார்களோ?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் 'செயலாளராக இருந்தேன்' என்பதோடு நிறுத்தினால் நீங்கள் பயப்படுகிறபடிதான் ஆகும், பெயருக்குச் செயலாளராக இருப்பவர்களும் நிறைய உண்டே.

ஆபீஸில் மேனேஜர் சொல்வது நடக்கிறதென்றால் அதற்குப் பின்னால் சம்பளம், பதவி உயர்வு எல்லாம் இருக்கிறது. உங்கள் கையில் அது எதுவும் கிடையாது. காலையில் நெட் கட்ட வருகிறேன் என்றவர் வராவிட்டால் மெமோ கொடுக்க முடியுமா? அடுத்த வாரமும் அவர்தான் வந்தாக வேண்டும். அதனால் அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லையா, வீட்டில் ஏதும் சிக்கலா, போன தடவை உழைத்ததற்கு யாரும் ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லவில்லையா என்று விசாரித்து, ஆளுக்கேற்ற வேலையை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். உயர்ந்த பதவியில் இருப்பவர்களுக்கும் இதுதான் அன்றாடப் பாடு, பக்கத்து டிபார்ட்மென்ட் அவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டதில்லை.

சரி, எப்படிச் சொல்வது? ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு விவரமாகச் சொல்லுங்கள். உதாரணமாக, 8 அணிகள் வருகின்றன. எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் 28 ஆட்டம், அவ்வளவுக்கு மைதானமும் நடுவர்களும் கிடைக்க மாட்டார்கள். நாக்அவுட் என்றால் 7 ஆட்டத்தில் முடிந்துவிடும், ஆனால் 4 அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டும், அடுத்த முறை அவர்கள் வருவார்களா என்பது சந்தேகம்தான். நான்கு நான்காக இரண்டு பிரிவு பிரித்தால் லீக்கில் 12, அரையிறுதி 2, இறுதி 1, ஆக 15 ஆட்டம், எந்த அணிக்கும் குறைந்தது 3 கிடைக்கும். இப்படி எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றினீர்கள், எதிர்த்தவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று சொன்னால், கேட்பவர் வாலிபாலை மறந்துவிட்டு உங்களைக் கவனிப்பார். சந்தாக் கணக்கைப் பொதுக்குழுவில் வைத்தது, கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அணியில் இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது, இதெல்லாமும் உங்களிடம் இருக்கும். மிகைப்படுத்த மட்டும் வேண்டாம், தன்னார்வலர்களை 'என் ஊழியர்கள்' என்று சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இரண்டு வாரம் போகாவிட்டால் கிளப் நடக்குமா? எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுச் செய்கிறீர்கள் என்றால் அது உழைப்புதான், தலைமை இல்லை. யாரை வளர்த்துவிட்டீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். இன்டர்வியூவுக்கு இன்னும் நாள் இருந்தால், அடுத்த போட்டியின் அட்டவணையை இளையவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள், அவர் வந்து கேட்கும்வரை அதில் கை வைக்காதீர்கள்.