வில்லுப்பாட்டு பதிவு செய்ய பழைய அனலாக் மிக்சரா, புது டிஜிட்டலா?

பாளையங்கோட்டையில் போடும் சின்ன ஸ்டுடியோவில் வில்லுப்பாட்டு பதிவு செய்ய, பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் எழுபதுகளின் அனலாக் மிக்சர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணாச்சி, டிஜிட்டலே வாங்குங்கள்.

பழையதன் அழகு பொய்யில்லை. 1970-இல் வந்த நீவ் நிறுவனத்தின் 1073 போன்ற மிக்சர் சானல்களில் ஒலி டிரான்ஸ்ஃபார்மர் வழியே போகிறது. அளவு கூடும்போது அதன் இரும்பு, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்களை மெல்லச் சேர்க்கும். வீசுகோல் பட்டுச் சிதறும் வில்மணிகளின் கூர்மை தணியும், குடத்தின் அடி கனத்து வரும். கேட்டால் விட மனசு வராது.

ஆனால் உள்ளே மின்னைத் தேக்கும் கெபாசிட்டர்கள் வருடக்கணக்கில் காய்ந்துபோகும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் தூசி ஏறினால் கரகரக்கும். உடுக்கை, ஜால்ரா, கட்டை, பின்பாட்டு என்று வைத்த அளவுகளை எல்லாம் தாளில் குறித்துவைத்துத் திரும்பத் திருக வேண்டும். டிஜிட்டலில் அதே குழு அடுத்த மாதம் வந்தால், சேமித்த அளவுகளை எல்லாம் ஒரு பொத்தானில் எடுக்கலாம்.

ஒன்றே ஒன்று: டிஜிட்டலின் உச்ச வரம்பான பூஜ்யம் டெசிபலைத் தாண்டினால் ஒலி உடைந்துவிடும். மணிகள் திடீரென எகிறும், அதனால் உச்சத்தை மைனஸ் 12 டெசிபலில் நிறுத்துங்கள். அப்புறம் கையில் காசு மிஞ்சினால், கதை பாடும் புலவர் குரலுக்கு மட்டும், மைக் ஒலியைப் பெருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ப்ரீஆம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.