ஒரு பக்கம் மட்டும் மங்கினால்

கேள்வி: எங்கள் அப்புச்சியின் ஸ்டுடியோவில் கிடந்த பழைய என்லார்ஜரை (நெகட்டிவைப் பெரிதாக்கி பேப்பரில் பிரின்ட் போடும் கருவி) துடைத்து நிறுத்தியிருக்கிறேன். 35 எம்எம் நெகட்டிவ், 50 எம்எம் லென்ஸ். பிரின்டில் இடது பக்கம் பளிச்சென்று இருக்கிறது, வலது பக்கம் மசமசவென்று வருகிறது. மேசைக்கு ரசமட்டம் வைத்துச் சரிசெய்தும் போகவில்லை. லென்ஸை மாற்ற வேண்டுமா?
- ஒரு வாசகர், காங்கயம்

பதில்: லென்ஸ் மேல் அவசரப்பட்டுப் பழி போட வேண்டாமுங்க. மேசை சாய்ந்திருந்தாலும் பிரின்ட் கெடாது. நெகட்டிவ் உட்காரும் தட்டு, லென்ஸ் மாட்டும் லென்ஸ் பலகை, பேப்பர் வைக்கும் அடிப்பலகை, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் போதும். ரசமட்டத்தை மூன்றிலும் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். லென்ஸுக்கு மட்டும் அடியிலிருந்து விளிம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். குமிழி நடுவில் நிற்காவிட்டால் பரவாயில்லை, மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

அப்புறம், பிலிம் ரோலின் முனையில் வெளிச்சம் பட்டுக் கருத்த துண்டு இருக்குமல்லவா, அதன் மருந்துப் பக்கத்தில் (மருந்து பூசிய, பளபளப்பு குறைந்த பக்கம்) ஊசியால் நான்கு மூலையிலும் நடுவிலும் பெருக்கல் குறி கீறுங்கள். அதை மாட்டி, லென்ஸின் துவார வளையத்தை 2.8-ல் வைத்து முழுக்கத் திறந்து, நடுக்குறிக்கு போகஸ் செய்து, மூலைக் குறிகளும் அதே போலத் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். 8-க்கு மூடினால் சின்னக் கோணல் மறைந்துவிடும், அதனால் சோதிக்கும்போது மூடக்கூடாது. அடிப்பலகையில் விழுகிற படச் சட்டத்தின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் வேறுவேறாக இருந்தால் நெகட்டிவ் தட்டுக்கும் அடிப்பலகைக்கும் இடையில்தான் கோணல். அளவு சரி, ஆனாலும் ஒரு பக்கம் மங்குகிறது என்றால் லென்ஸ் பலகை சாய்ந்திருக்கிறது.

தாராபுரத்தில் நான் ஸ்டுடியோ வைத்திருந்தபோது ஒரு முகூர்த்த குரூப் போட்டோவை 12க்கு 15 அங்குலத்தில் போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "எங்க பக்கத்துச் சொந்தத்தை மட்டும் ஏனுங்க அழிச்சுப்போட்டீங்க?" பார்த்தால் வலது கோடியில் ஏழெட்டுப் பேருக்கு மூக்கே இல்லை. ஊட்டியில் செய்த 'இந்து' போட்டோ பேப்பர் மூன்று ஷீட் பாழான பிறகுதான் லென்ஸ் பலகை ஒரு பக்கம் இறங்கியிருப்பது கண்ணில் பட்டது. போஸ்ட் கார்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, இறங்கிய பக்கம் சொருகி, திருகை முடுக்கினேன். சரியாகிவிட்டது. உங்களுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன். என்லார்ஜரின் தலையை (விளக்கும் லென்ஸும் இருக்கும் பகுதி) மேலே ஏற்றினால் இன்னொரு முறை சோதியுங்கள், அதைத் தாங்கும் பழைய கம்பம் உயரத்துக்கு ஏற்ப வளையும்.

இத்தனைக்கும் மசியவில்லையா? லென்ஸைத் திருகில் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி போகஸ் செய்து பாருங்கள். மங்கல் வலமிருந்து இடத்துக்குப் போய்விட்டால் குற்றம் லென்ஸில்தான். அப்போது மாற்றிவிடுங்கள்.