மகள் தொல்லியல் படிக்கட்டுமா?

அன்புள்ள அம்மா,

மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தும், தொல்லியல்தான் படிப்பேன் என்று நிற்பதால் உங்களுக்கு நித்திரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "படிச்சுப் போட்டு மண் கிண்டவோ?" என்று சொந்தக்காரர் கேட்பதாகவும் சொன்னீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. கலைப் பட்டதாரிகள் வேலைக்காகக் காத்துக்கிடப்பதை நானும் பார்க்கிறேன். தொல்பொருள் திணைக்களத்தையோ ஆசிரியர் நியமனத்தையோ மட்டும் நம்பி இந்தப் படிப்புக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பஸில் ஆய்வுத் திட்டங்களில் இறங்கி வேலை பழகிய பிள்ளையின் நிலைமை வேறு.

யாழ்ப்பாணத்தில் அதற்கு இடம் தாராளம். ஆனைக்கோட்டையில் 1980இல் பிராமி என்ற பழங்கால எழுத்துள்ள முத்திரையைக் கண்டெடுத்தது நம்முடைய பல்கலைக்கழகக் குழுதான். அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் காஸ்வெல் சீன மட்பாண்டங்களைத் தோண்டியெடுத்தார். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகக் குழு அதே ஊருக்கு வந்தது. யாழ்ப்பாணக் கோட்டை அகழாய்வில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. இப்படியான வேலைகளுக்கு ஓடு, அதாவது உடைந்த மட்பாண்டத் துண்டுகளைப் பிரிக்க, வரைய, குழியின் மண்படைகளைப் பதிய, ஊராரோடு தமிழிலும் அதிகாரிகளோடு சிங்களத்திலும் கதைத்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஆள் வேண்டும். இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது குறைவு. மகள் இன்றைக்கே சிங்களம் தொடங்கட்டும்.

கறுப்புச் சிவப்பு ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே கரி போலக் கறுப்பு, வெளியே செங்கல் சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்பக்கம் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். உடைந்த விளிம்பில் இரண்டு நிறமும் சந்திக்கும் எல்லையை முதன்முதல் பார்த்த அன்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று, ஆய்வுத் தலைப்பு. "யாழ்ப்பாண இராச்சியம்" என்று பெரிதாக எடுத்தால் நாலு புத்தகத்தைப் பார்த்து ஐந்தாவதை எழுதுவதாக முடியும். சின்னதாக எடுக்கட்டும். நயினாதீவிலுள்ள, பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மற்றச் சரக்குக் கப்பலென்றால் பாதி என்கிறது. அந்த வித்தியாசம் ஏன் என்று கேட்டாலே ஒரு நல்ல ஆய்வு கிடைக்கும். ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. டச்சு வாசிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள்தான் மிகக் குறைவு.

சரி, கம்பஸ் தொடங்கும்வரை என்ன செய்வது? நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்கு மகளை அனுப்புங்கள். ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, அளவு, நிறம், எங்கே கிடைத்தது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அப்புறம் பழங்காலக் குடியிருப்பு இருந்த கந்தரோடைக்குப் போகட்டும். அங்கே நிலத்தில் ஓடு கிடந்தால் படம் எடுக்கலாம், இடத்தைக் குறிக்கலாம், எடுத்துவரக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். வெயிலில் குறிப்புப் புத்தகத்தோடு மகள் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு, பிறகு வந்து என்னோடு கதையுங்கள்.