லுவார் நதிக்கரை அரண்மனைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

(பிரான்சின் டூர் நகரில் பதினான்கு வருடங்களாக வசிக்கும் நம் வாசகி இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

மே மாதம் பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். லுவார் அரண்மனைகளுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே நாளில் நான்கு அரண்மனை காட்டும் வேனில் போகலாமா? என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு.
– ஒரு வாசகி, கும்பகோணம்

வேன் வேண்டாம். இங்கே வந்த முதல் வருடம் நான் அப்படித்தான் போனேன். காலையில் ஏறினோம், ஓர் அரண்மனைக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஓடினோம். இரவு வீட்டுக்கு வந்து யோசித்தால், எந்தக் கட்டிலை எங்கே பார்த்தேன் என்றே நினைவில்லை. அடுத்த வருடம் காரைக்காலிலிருந்து அப்பா வந்தார். நாற்பது வருடம் கொத்தனார், மேஸ்திரி வேலை பார்த்தவர். அவரை அம்புவாஸ் ஊரில் இரண்டு நாள் தங்கவைத்து மூன்றே இடங்களைக் காட்டினேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

பாரிஸில் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து அம்புவாஸுக்கு ரயில் இருக்கிறது. இறங்குவது லுவாரின் வடகரையில். பாலத்தில் நடந்து வரும்போதே எதிர்க்கரையில் பாறைமேல் அரண்மனை தெரியும். அந்தப் பாலத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அரண்மனையின் முழு அழகும் அங்கிருந்துதான் தெரியும். உள்ளே ஏறிப் போவது சரிவான பாதை, உங்கள் கணவர் மெதுவாக ஏறலாம். இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு சிறு பகுதிதான். எட்டாம் சார்லஸ் மன்னர் பிறந்ததும் இங்கே, இறந்ததும் இங்கே. 1498-ல், பந்தாட்டம் பார்க்கப் போகும் வழியில் தாழ்வான நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டார். சில மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. வயது 27.

தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னஞ்சிறு தேவாலயம் இருக்கிறது. லியோனார்டோ டா வின்சியின் எலும்புகள் என்று நம்பப்படுபவை அங்கேதான் இருக்கின்றன. அவரை முதலில் புதைத்திருந்த தேவாலயம் இடிக்கப்பட்ட பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் தேடி எடுத்து இங்கே வைத்தார்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் க்லோ லூஸே. 1516-ல் இளம் மன்னர் முதலாம் பிரான்சுவா அழைக்க, 64 வயதில் இத்தாலியிலிருந்து வந்த லியோனார்டோ 1519 மே 2 அன்று இறக்கும்வரை இருந்த வீடு. மோனா லிசாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அது பாரிஸில் இருப்பதற்குக் காரணமே இந்தப் பயணம்தான். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் நாள் முழுவதும் ஷெனோன்சோ. ஷெர் என்ற ஆற்றின் குறுக்கே பாலம்போல நிற்கும் அரண்மனை. 1547-ல் இரண்டாம் ஹென்றி மன்னர் இதைத் தன் காதலி டியான் டி புவாத்தியேவுக்குக் கொடுத்தார். ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டியவர் அந்த அம்மையார்தான். 1559-ல் ஈட்டிப் போட்டியில் கண்ணில் அடிபட்டு மன்னர் இறந்ததும், பட்டத்து ராணி கத்ரீன் டி மெடிசி டியானிடமிருந்து ஷெனோன்சோவை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஷோமோன் அரண்மனையைக் கொடுத்தார். பிறகு டியான் கட்டிய பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடம் எழுப்பினார். இருவர் பெயரிலும் ஆளுக்கொரு தோட்டம் இன்றும் பூக்கிறது.

அந்தக் கூடத்தின் ஜன்னலோரம் அப்பா வெகுநேரம் நின்றார். கீழே ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஓடுற தண்ணியில அஸ்திவாரம் எப்படிம்மா போட்டான்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அரண்மனையின் முதல் கட்டடம் பழைய நீராலை ஒன்றின் தூண்கள்மேல் எழும்பியது. அந்த அடித்தூணுக்குள்ளேதான் சமையல்கட்டும் இருக்கிறது. படகில் வந்த சாமான்களை நேரே உள்ளே இறக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

முதல் உலகப் போரில் இதே கூடத்தில் கட்டில் போட்டு, காயம்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். 1940-ல் ஷெர் ஆறே எல்லைக்கோடானது. வாசல் பக்கம் ஜெர்மானியர் பிடியில். கூடத்தின் தெற்குக் கதவைத் திறந்தால் அவர்கள் பிடியில் இல்லாத பகுதி. அந்தக் கதவு வழியாகத் தப்பிப் போனவர்கள் உண்டு. நீங்களும் அதன் வழியே ஒருமுறை வெளியே வந்து திரும்பிப் பாருங்கள்.

கீழ்த்தள அறைகளும் கூடமும் ஒரே மட்டம். சமையல்கட்டுக்கு மட்டும் படி இறங்க வேண்டும்.

இவை கோட்டைகளா, அரண்மனைகளா? அந்த ஒரு நதிக்கரையில் மட்டும் ஏன் இத்தனை?
– ஒரு வாசகர், திருச்சி

பிரெஞ்சில் இரண்டுக்கும் 'ஷாத்தோ' என்ற ஒரே சொல்தான். கோட்டையாகத் தொடங்கி அரண்மனையாக மாறியவை பல. இங்கிலாந்துடன் நடந்த நூறாண்டுப் போரில் பாரிஸ் எதிரி கைக்குப் போனபோது, பிரெஞ்சு அரசவை லுவார் பக்கம் வந்து தங்கியது. போர் முடிந்தும் மன்னர்களுக்கு இடம் பிடித்துப்போனது. வேட்டைக்குக் காடு, சரக்குக்கு ஆறு, கட்டுவதற்குக் கல், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. துஃபோ என்ற வெண்ணிறச் சுண்ணாம்புக் கல் அது. வெட்டும்போது மென்மையாக இருக்கும், அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிந்தது. ஆனால் ஈரத்தில் அரித்துப்போகும். அப்பா ஒரு சுவரைத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியைக் காட்டினார். பிறகு எந்தக் கல் பழசு, எந்தக் கல் மாற்றியது என்று நிறத்தை வைத்தே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கல் எடுத்த குகைகள் இன்று மது நிலவறைகளாகவும் வீடுகளாகவும் இருக்கின்றன, அம்புவாஸிலேயே பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் பெரியது ஷாம்போர் என்கிறார்கள். அதை விடலாமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

மூன்றாவது நாள் இருந்தால் விடாதீர்கள். இரண்டே நாள் என்றால் விடலாம். 1519-ல் முதலாம் பிரான்சுவா தொடங்கியது. 400-க்கும் மேற்பட்ட அறைகள், சுற்றிலும் 32 கிலோமீட்டர் மதில். நடுவில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறும் இரட்டைச் சுழற்படி. ஒன்றில் ஏறுபவரும் மற்றதில் இறங்குபவரும் துவாரங்கள் வழியே பார்த்துக்கொள்ளலாம், எதிரெதிரே வரமாட்டார்கள். அது லியோனார்டோவின் யோசனை என்று சொல்வார்கள். எழுத்தில் சான்று இல்லை, வேலை தொடங்குமுன் அவர் இறந்துவிட்டார்.

எனக்கு அந்த அறைகள் வெறுமையாகவே தோன்றும். அந்தக் காலத்திலும் மன்னர் வரும்போதுதான் கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாம் வண்டியில் கூடவே வரும். போகும்போது திரும்பப் போய்விடும். 32 வருடம் ஆண்ட பிரான்சுவா அங்கே தங்கிய நாட்களை எல்லாம் கூட்டினாலும் மூன்று மாதம் தேறாது.

கார் இல்லாமல் ஷெனோன்சோ போக முடியுமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

முடியும். டூர் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். நிலையம் அரண்மனை வாசலுக்கு அருகிலேயே இருக்கிறது. அரண்மனைப் பெயரைவிடக் கிராமத்தின் பெயரில் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல், உச்சரிப்பு ஒன்றுதான். டிக்கெட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அம்புவாஸிலிருந்து நேர் ரயில் கிடையாது. தூரம் சுமார் 15 கிலோமீட்டருக்குள்தான், டாக்சி பிடித்துவிடுங்கள். ரயில்கள் அடிக்கடி இல்லை. திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்ட பிறகு உள்ளே போங்கள்.