புல்தரைக்கு எப்போது உரம்?

கேள்வி: தாம்பரத்தில் வீட்டு முன்னால் 400 சதுர அடியில் கொரியன் புல் போட்டிருக்கிறேன். நிறம் மங்குகிறதே என்று போன வாரம் விடிகாலையில் யூரியா தூவினேன். மூன்றாம் நாள் அங்கங்கே வைக்கோல் மாதிரி காய்ந்துவிட்டது. பிழைக்குமா? வருஷத்தில் எப்போதெல்லாம் உரம் போடலாம்?

பதில்: காய்ந்த இடத்தில் குனிந்து, புல்லை விரலால் விலக்கிப் பாருங்கள் அம்மா. மண்ணை ஒட்டி ஓடும் தண்டு வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. நான்கைந்து நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள், துளிர்க்கும். நொறுங்கினால் பக்கத்திலிருந்து ஒரு பத்தை பெயர்த்து வையுங்கள்.

பனி ஈரத்தில் தூவியதுதான் வினை. குருணை இலையில் ஒட்டிக் கரைந்து பொசுக்கிவிடும். என் வீட்டிலும் ஒருமுறை இப்படித்தான், பிடி விழுந்த இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியது. பச்சை திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. அதிலிருந்து புல் நன்றாகக் காய்ந்த பிறகு, சாயங்காலம்தான் போடுகிறேன். உங்கள் இடத்துக்கு 300 கிராம் யூரியா போதும். மூன்று மடங்கு காய்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கில், மீதியைக் குறுக்குவாக்கில் தூவுங்கள். உடனே தண்ணீர், இலையைக் கழுவி மண்ணில் இறங்கும் அளவுக்கு.

சரி, மாதக் கணக்குக்கு வருவோம். பிப்ரவரி கடைசியில் புல்லை ஒட்ட வெட்டி, சலித்த மண்புழு உரத்தை மெல்லிசாகப் பரப்புங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் தட்டுப்பாடு இருந்தால் ரசாயன உரமே வேண்டாம். ஜூன், ஜூலையில் ஒரு மழை பெய்ததும் யூரியா. செப்டம்பரில் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 17:17:17 காம்ப்ளக்ஸ் உரம் முக்கால் கிலோ, அதே மணல் கலப்பில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது யூரியா போட்டால் பாதி சாக்கடைக்குத்தான் போகும், கொழுத்த புல்லில் பூஞ்சாணமும் பிடிக்கும். ஜனவரியில் வளர்ச்சியே மந்தம், விட்டுவிடுங்கள்.

அப்புறம், நிறம் மங்கினால் உடனே யூரியாவை எடுக்காதீர்கள். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. உப்பு போர்த் தண்ணீர் பாயும் வீடுகளில் அடிக்கடி பார்க்கிறேன். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளியுங்கள். தரை ஓட்டில் பட்டால் துருக்கறை போகாது, ஓரத்தில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.