ஊரை விட்டு வந்து தனியாக இருக்கிறேன். ஒருவர் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்று காட்டும் லாஸ்ட் சீனை நாள் முழுக்கப் பார்க்கிறேன். தனிமைதான் காரணமா?

ஆமாம் என்றுதான் சொல்வேன். நீங்களும் வேலைக்காகப் போய், ரூமுக்குத் திரும்பினால் பேச ஆளில்லாமல் இருப்பவர் என்று நினைக்கிறேன். நீங்கள் லாஸ்ட் சீனைப் பார்ப்பதுபோல் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கப்பலை.

சொந்த ஊர் தூத்துக்குடி. 2022-இல் கல்யாணமாகி மும்பை செம்பூருக்கு வந்தேன். அவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். மூன்றாம் மாதமே சைன் ஆன் ஆகி, அதாவது கப்பலில் வேலைக்கு ஏறி, போய்விட்டார், ஏழு மாத கான்ட்ராக்ட். "சும்மா உட்கார்ந்திருந்தா அப்படித்தான்" என்று சொல்ல வருகிறவர்களுக்கு: வீட்டிலிருந்தே தினமும் ஒன்பது மணி நேரம் மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளுக்குக் குறியீடு போடும் வேலை) பார்த்தேன். சில நாட்களில் காய்காரரிடம் இந்தியில் "கித்னா" (எவ்வளவு) என்று கேட்டதைத் தவிர வாய் திறந்திருக்க மாட்டேன்.

கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பை அவர்தான் என் போனில் போட்டுக் கொடுத்தார். பெரிய கப்பல்களில் ஏஐஎஸ் என்று ஒரு கருவி உண்டு. ஓடும்போது சில நொடிக்கு ஒருமுறை கப்பல் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கரையிலுள்ள ரிசீவருக்கு எட்டுகிற வரை கப்பல் ஆப்பின் மேப்பில் ஒரு புள்ளியாகத் தெரியும். நடுக்கடலில் சாட்டிலைட் வழியாகத்தான் கிடைக்கும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். நான் கட்டவில்லை. பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகத்தில் சோயா ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகச் சீனாவுக்குப் போனார்கள். கரை மறைந்ததும் புள்ளி அப்படியே நின்றுவிட்டது. ஓடுகிற புள்ளியைவிட அந்த நின்ற புள்ளியைத்தான் அதிகம் பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு, மறுபடி மூன்றரைக்கு. அம்மா போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு "ம்" கொட்டிக்கொண்டே பார்ப்பேன்.

புருஷன் மேல் சந்தேகம் என்று யாரும் எழுத வேண்டாம். நடுக்கடலில் இருக்கிற மனுஷன் மேல் என்ன சந்தேகம்?

இதில் எனக்கே பயம் வந்தது அவர் ஊர் திரும்பிய பிறகுதான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், நான் மேப்பைத் திறக்கிறேன். அவர் இறங்கிவிட்ட கப்பலை! "நான் இங்க இருக்கேன், அதுல யாரைத் தேடுற?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவரைத் தேடத் தொடங்கினேன், உண்மைதான். ஆனால் என்னோடு இருந்தது அந்தப் புள்ளிதான்.

மறுநாள் 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அரை மணி நேரம் அழுதேன். ஆப்பைத் திறக்கும் முன் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் எழுதினேன். முக்கால்வாசி வரிகளில் "ஒன்றுமில்லை" என்றுதான் இருந்தது.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், மொட்டை மாடியைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். வத்தல் காயப்போடச் சாவி கேட்டால் கமிட்டியில் லெட்டர் கொடுக்கணுமாம். ஊரில் மாடிக்குப் போனால் நாலு வீட்டுப் பெண்களோடு பேசிவிட்டுத்தான் இறங்குவோம்.

இப்போது அவர் மறுபடி கடலில். ஆப் போனில் இருக்கிறது, காலையில் ஒருமுறை பார்ப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போகிறேன். அங்கே பழக்கமான திருநெல்வேலி அக்கா ஒருவரின் வீட்டுக்காரரும் கப்பலில்தான். தரிசனம் முடிந்து பூ விற்கும் இடத்தருகே ஒரு மணி நேரமாவது நின்று பேசுவோம். நீங்கள் மும்பையில் இருந்தால் அங்கே வாருங்கள்.