தொலைநோக்கி வாங்கும் முன்

கேள்வி: பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் படிக்கிறேன். வானியல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் கணக்கில் சுமாரான மதிப்பெண்தான் வருகிறது. முதலில் ஒரு தொலைநோக்கி வாங்கிவிடலாமா?

பதில்: தொலைநோக்கியைச் சில மாதங்களுக்குத் தள்ளிப் போடுங்கள். வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று பிடிபடாதவர்களுக்கு, தொலைநோக்கியில் தெரியும் குறுகிய வட்டத்துக்குள் ஒரு விண்மீனைக் கொண்டுவருவதே பெரும்பாடாகிவிடும். ஆசையாக வாங்கிய கருவி பரணுக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான். இப்போதைக்கு வெறுங்கண்ணும் ஒரு குறிப்பேடும் போதும். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். அதற்கிடையே கைப்பேசித் திரையைப் பார்க்காதீர்கள். ஓரியன் என்ற விண்மீன் குழுவின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களிலிருந்து தொடங்குங்கள். அந்த வரிசையை ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸும், மறுபக்கம் நீட்டினால் ரோகிணியும், அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டமும் தென்படும்.

கார்த்திகைக்கு வடமேற்கே, பெர்சியஸ் குழுவில், அல்கால் என்றொரு விண்மீன் இருக்கிறது. உங்கள் முதல் ஆய்வுக்கு அதையே சிபாரிசு செய்வேன். விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் ஒளி அளவில், எண் கூடக்கூட வெளிச்சம் குறைவு. வழக்கமாக 2.1 ஒளி அளவில் இருக்கும் அல்கால், 2 நாள் 20 மணி 49 நிமிடங்களுக்கு ஒருமுறை 3.4 வரை மங்கி, சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, எதைவிட மங்கல், எதைவிடப் பிரகாசம் என்று நேரத்துடன் எழுதி வந்தாலே இந்த மாற்றம் குறிப்பேட்டில் தெரிந்துவிடும். 1782இல் இங்கிலாந்தில் ஜான் குட்ரிக் இந்த மங்கலைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 18; சிறு வயதிலேயே காது கேட்காமல் போனவர். கால இடைவெளியைக் கணித்ததோடு, இருண்ட பொருளொன்று சுற்றிவந்து அதை மறைக்கக்கூடும் என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். அது உண்மையே என்பதை 1889இல் ஜெர்மானிய வானியலாளர் ஹெர்மன் ஃபோகல், விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையைக் கொண்டு உறுதிப்படுத்தினார்.

கணக்கைப் பற்றிய உங்கள் கவலைக்கும் அல்காலிலேயே விடை இருக்கிறது. ஒளி அளவில் 5 படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு வித்தியாசம், அப்படியானால் 2.1இலிருந்து 3.4க்கு மங்கும்போது எத்தனை மடங்கு குறைகிறது என்று நீங்களே மடக்கை போட்டுப் பாருங்கள், மூன்று மடங்குக்குச் சற்று மேலே வரும். இப்படிக் கையில் ஒரு கேள்வியோடு படிக்கும்போது மடக்கையும் முக்கோணவியலும் எளிதில் பிடிபடும் என்பது என் உறுதியான நம்பிக்கை. கணக்கைத் தவிர்த்துவிட்டு வானியலுக்குள் போக வழியில்லை. ஆனால் இன்றைய மதிப்பெண்ணை வைத்து உங்களை நீங்களே ஒதுக்கிக்கொள்ளவும் வேண்டியதில்லை.

பட்டப்படிப்புக்கு இயற்பியலை எடுப்பதே நல்லது. வானியலை முதுகலையிலும் ஆராய்ச்சிப் படிப்பிலும் தனியாகப் படிக்கலாம். இன்றைய வானியலாளர்கள் கணினியில் தரவுகளோடுதான் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்பதால், பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

குழுக்களெல்லாம் மனப்பாடமான பிறகு, 10×50 பைனாகுலர் ஒன்று வாங்கலாம். இதில் 10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். சுவரில் சாய்ந்து, கை ஆடாமல் பிடித்தால், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் தெரியும். எந்தக் கருவியானாலும் சூரியன் பக்கம் மட்டும் திருப்பிப் பார்த்துவிடாதீர்கள். நொடியில் பார்வை போய்விடும்.